வீட்டு மாமரம்: மொட்டு முதல் காய் முற்றும் வரை, படிப்படியாக

"மரம் நல்லாத்தான் பூத்துச்சு, காய்தான் நிக்கல." மாசி, பங்குனியில் மாமரம் இருக்கிற எந்த வீட்டிலும் கேட்கிற பேச்சு இது. வாசலில் ஒரு மாமரம், கிணற்றடியில் ஒரு எலுமிச்சை என்று வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏக்கர் கணக்கில் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது பற்றாது.

தொடங்கும் முன் ஒரு விஷயம். எந்த வேலையையும் தேதி பார்த்துச் செய்யாதீர்கள். நீலமும் பங்கனப்பள்ளியும் ஒரே வாசலில் நின்றாலும் ஒன்றாகப் பூப்பதில்லை. ஒரே மரத்தில்கூட ஒரு கிளையில் பிஞ்சும் இன்னொரு கிளையில் மொட்டுமாக இருக்கும். வானமும் காலண்டர் பார்ப்பதில்லை: 2021 ஜனவரியில் பெய்த மழை, அறுவடைக்கு நின்ற நெல்லையே சாய்த்துவிட்டுப் போனது. அதனால் மரம் எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்: மொட்டு, விரிந்த பூ, கடுகளவு, பட்டாணியளவு, எலுமிச்சையளவு.

படி 1: மொட்டு நிலையில் கொத்தைத் தட்டிப் பாருங்கள்

பூங்கொத்து விரலளவு நீண்டிருக்கும்போது, கைக்கு எட்டும் கொத்தை லேசாகத் தட்டுங்கள். பொடிப்பொடியாக, கோதுமை நிறத்தில் பூச்சிகள் சடசடவென்று தாவினால் அது தத்துப்பூச்சி. கொத்தின் சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவை இலைமேல் விட்டுவிடும். மரத்தடியில் நிறுத்திய வண்டி பிசுபிசுக்கிறதா, இலைமேல் கரி பூசியதுபோல் கறுப்பு படிகிறதா? இரண்டுக்கும் காரணம் இதுதான். அந்தக் கறுப்பு, கழிவின்மேல் வளரும் பூசணம்.

ஒன்றிரண்டு தாவினால் விட்டுவிடுங்கள். கொத்துக்குக் கொத்து தாவினால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய். புதியவர்கள் சறுக்குவது கலப்பதில்தான்: எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும், தெளிக்கும்போது முதல் கிளைக்கு வெறும் தண்ணீரும் கடைசிக் கிளைக்கு வெறும் எண்ணெயும் போய்ச் சேரும். முதலில் எண்ணெயோடு ஒன்றிரண்டு மி.லி. காதி சோப்புக் கரைசலைச் சேர்த்து, பால்போல் வெளுக்கும்வரை அடித்துக் கலக்குங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுங்கள். வெயில் தாழ்ந்தபிறகு தெளிப்பது நல்லது. கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும், மறுநாளைக்கு எடுத்து வைக்கக்கூடாது.

படி 2: பனிக்காலத்தில் வெள்ளைப் பொடியைத் தேடுங்கள்

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். இரவு குளிர்ந்து, காலையில் மூட்டமாக இருக்கும் நாட்கள் சாம்பல் நோய்க்குக் கொண்டாட்டம். பூங்காம்பில் விபூதி தூவியதுபோல் வெள்ளை படிந்திருந்தால் அதுதான். இதற்கு நனையும் கந்தகத்தூள், லிட்டருக்கு 2 கிராம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வேப்பெண்ணெய் அடித்த மரத்தில் இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்காதீர்கள். கந்தகம் அடித்த மரத்தில் எண்ணெயும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் இலையும் பூவும் கருகும். கடும் வெயிலிலும் கந்தகம் ஆகாது. ஆகவே படி 1-ல் பூச்சியையும் வெள்ளைப் பொடியையும் சேர்த்துப் பார்த்து, எது அதிகமோ அதற்கு மருந்து கொடுங்கள். இரண்டும் இல்லையென்றால் எதுவும் தெளிக்க வேண்டாம். 'எதற்கும் இருக்கட்டும்' என்று அடிக்கிற மருந்தில் எனக்கு நம்பிக்கையில்லை.

படி 3: பூ விரிந்ததும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

பூ விரிந்தபின் மருந்தும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பதில் பெரும்பங்கு ஈக்களுக்கு, தேனீயும் வரும். காலையில் மரத்தடியில் ஙொய்யென்று சத்தம் கேட்டால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் தெளிக்கிற மருந்து இவற்றின் தலையில்தான் விழும். தண்ணீரை ஏன் நிறுத்த வேண்டும் என்றால், இப்போது நிறைய விட்டால் மரம் பூவை மறந்து தளிர் விடத் தொடங்கும்.

இந்த நிலையில் மழை பெய்தால்? மகரந்தம் கழுவிக்கொண்டு போவதோடு, ஈரம் தங்கிய கொத்தில் கரும்புள்ளி விழுந்து பூ கருகும். மழை விட்டதும் எட்டும் கிளைகளைப் பிடித்து மெதுவாக உலுக்கி, நீரை உதிர்த்துவிடுங்கள். கருகிய கொத்துகளை நறுக்கி எடுத்து எரித்துவிடுங்கள். வேறு பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை.

படி 4: பட்டாணியளவில் தண்ணீரைத் தொடங்குங்கள்

தண்ணீரை அடிமரத்தில் ஊற்றிப் பயனில்லை. உறிஞ்சும் வேர்கள் கிளைகளின் நிழல் முடிகிற விளிம்பை ஒட்டித்தான் அதிகம். அந்த விளிம்பில் வட்டமாகப் பாத்தி கட்டுங்கள். பாத்திக்குள் காய்ந்த சருகை நான்கு விரல் உயரத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். அடிமரத்திலிருந்து அரையடி தள்ளியே இருக்கட்டும், ஒட்டிப்போட்டால் பட்டை அழுகும்.

பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்பது பொதுக்கணக்கு. மண்தான் சரியான கணக்கு. களைக்கொத்தால் அரையடி தோண்டி, ஒரு பிடி மண் எடுத்து அழுத்துங்கள். உருண்டை நின்றால் இன்றைக்கு வேண்டாம், பொலபொலவென்று உதிர்ந்தால் பாய்ச்சுங்கள். கோடை மழைக்கு மறுநாள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அரைமணி நேரம் ஓஹோவென்று பெய்த மழை, தோண்டினால் இரண்டு விரல்கூட இறங்கியிருக்காது.

பல நாள் காயவிட்டு, திடீரென்று வெள்ளமாய் விடுவதுதான் பெரிய கேடு. எலுமிச்சையும் மாதுளையும் இதற்குத்தான் வெடிக்கின்றன. (எலுமிச்சையில் இன்னொன்று: தளிர்மேல் காக்கை எச்சம்போல ஏதோ ஒட்டியிருந்தால் தொட்டுப் பாருங்கள், நெளியும். வண்ணத்துப்பூச்சியின் புழு. பெரிதானால் பச்சையாகிவிடும், இலையோடு இலையாகக் கண்ணில் படாது. கையால் எடுத்துவிட்டாலே போதும்.)

படி 5: உதிர்ந்த பிஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள்

பிஞ்சு கொட்டுகிறதே என்று பதறவேண்டாம். ஒரு கொத்தில் ஆயிரத்துக்கு மேல் பூ இருக்கும், அதில் ஒன்றிரண்டு காய் முற்றினாலே நல்ல விளைச்சல். காம்புத் தழும்பு சுத்தமாக, தோல் பச்சையாக இருந்தால் மரம் தானே கழித்தது. கரும்புள்ளி இருந்தால் மழை ஈரத்தில் வந்த நோய். துளையும் கசிவும் இருந்தால் புழு.

அளவுக்கு மீறி உதிர்ந்தால், உரக்கடையில் 'பிளானோபிக்ஸ்' என்று கேளுங்கள். 4.5 லிட்டர் தண்ணீருக்கு 2 மி.லி., அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். இது வளர்ச்சி ஊக்கி. அளவு கூடினால் அதுவே காயை உதிர்க்கும்.

வடு போட ஆசைப்படுகிறவர்களுக்கு: கீழே விழுந்தது ஆகாது. அடிபட்ட இடம் ஜாடிக்குள் கொழகொழத்து, மற்றதையும் கெடுக்கும். காம்போடு பறித்து, விளக்கெண்ணெய் தடவி, உப்பில் போடுங்கள்.

படி 6: சித்திரைக் காற்றுக்கு முன்பே முட்டுக்கொடுங்கள்

சித்திரையில் பகலெல்லாம் வெயில் கொளுத்தி, நாலு மணிக்கு மேல் இடியும் சூறைக்காற்றுமாக வரும். காய் பாரத்தில் தாழ்ந்த கிளைகளுக்குக் கவட்டைக் கம்பால் முட்டுக்கொடுங்கள். கவட்டையில் பழந்துணி சுற்றினால் பட்டை உரியாது. வானிலை ஆய்வுத் துறையின் 'மேகதூத்' செயலியில் உங்கள் மாவட்டத்துக்கான வேளாண் அறிக்கை செவ்வாயும் வெள்ளியும் தமிழிலேயே வரும். தெளிப்பதையும் பாய்ச்சுவதையும் அதைப் பார்த்து முடிவு செய்யலாம். இடி கேட்டால் முட்டு சாய்ந்தாலும் மரத்தடிக்குப் போகாதீர்கள்.

காய் எலுமிச்சையளவைத் தாண்டியதும், எட்டுகிற காய்களுக்குக் காகிதப் பை கட்டிவிடுங்கள். பழ ஈ முட்டையிடாது, வெயிலும் சுடாது. எட்டாத உயரத்துக்கு மீத்தைல் யூஜினால் பொறி ஒன்று தொங்கவிடலாம். அது ஆண் ஈக்களை மட்டுமே இழுக்கும், ஆகவே பைக்கு மாற்று அல்ல. விழுந்த பழங்களை அன்றன்றைக்கே பொறுக்கிவிட வேண்டும். உள்ளேயிருக்கும் புழு மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும். குப்பைக்குழியில் போடாமல், ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிட்டு, ஆழமாகக் குழிதோண்டிப் புதையுங்கள்.