ஒரே பாகற்காய், இரண்டு கறி: கசப்பு பிடித்தவருக்கும் பிடிக்காதவருக்கும்

எங்கள் அப்பாவுக்குப் பாகற்காய் கசந்தால்தான் பாகற்காய். "உப்புப் போட்டுப் பிழிஞ்சுட்டா அப்புறம் அதுல என்னம்மா இருக்கு?" என்பார். என் மகனோ கரண்டியைப் பார்த்ததுமே தட்டைக் கையால் மூடிக்கொள்வான். ரொம்ப நாள் இருவருக்கும் பொதுவாக அரைக்கசப்பில் ஒரு கறி செய்தேன். இருவருமே தொடவில்லை. இப்போது காயைப் பாதியாகப் பிரித்து இரண்டு விதமாகச் செய்கிறேன். சமையலுக்குப் புதியவர்கள்கூட ஒரு மணி நேரத்தில் இரண்டையும் இறக்கிவிடலாம்.

அடுப்பு பற்றவைக்கும் முன் ஒரு விஷயம். பிள்ளை பிடிக்கவில்லை என்றால் அதை அடம் என்று நினைக்காதீர்கள். 1931இல் அமெரிக்காவில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் ஒரு பொடி காற்றில் பறந்தது. கூட இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கு ஒரு சுவையும் தெரியவில்லை. அந்த வேறுபாடு பிறவியிலேயே வருவது என்று பிறகு தெரிந்தது. அந்தப் பொடி வேறு, பாகற்காயின் கசப்பு வேறுதான். ஆனால் ஒரே பொருள் இரண்டு நாக்கில் இரண்டு விதமாக இருக்கும் என்பது உண்மை. பொதுவாகக் குழந்தைகளுக்குக் கசப்பு பெரியவர்களைவிடக் கூடுதலாகவே உறைக்கும்.

சரி, காய்க்கு வருவோம். அரைக் கிலோ வாங்குங்கள். பச்சையாக, அழுத்தினால் விறைப்பாக இருக்க வேண்டும். மஞ்சள் ஓடியிருந்தால் பழுக்க ஆரம்பித்துவிட்டது, வேண்டாம். கழுவி, முற்றிய விதை இருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். பிஞ்சு விதை வறுவலில் மொறுமொறுவென்று நன்றாகவே இருக்கும்.

முதலில் பிடிக்காதவருக்கான பாதி

இதற்கு ஊற நேரம் வேண்டும், அதனால் இதைத்தான் முதலில் தொட வேண்டும். கால் கிலோவை மெல்லிய அரைவட்டமாக நறுக்கி, ஒரு டீஸ்பூன் உப்பும் கால் டீஸ்பூன் மஞ்சள்தூளும் போட்டுக் கையால் நன்றாகப் பிசறி 20 நிமிடம் வையுங்கள். திரும்பி வந்து பார்த்தால் பாத்திரத்தின் அடியில் பச்சையாகத் தண்ணீர் விட்டிருக்கும், துண்டுகள் துவண்டிருக்கும். ஒரு கைப்பிடியாக அள்ளி, சொட்டு நிற்கும்வரை பிழியுங்கள். கசப்பில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும். காயில் தங்கும் உப்புக்கும் வேலை இருக்கிறது: நாக்கில் கசப்பு தெரிவதை அது அமுக்கும்.

அடுத்து நெல்லிக்காய் அளவு புளியை ஒரு கப் வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்துக்கொள்ளுங்கள். மண்சட்டி அல்லது எவர்சில்வர் வாணலியில் மூன்று டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, கடுகு, வெந்தயம் கொஞ்சம், கறிவேப்பிலை தாளித்து, பெரிய வெங்காயம் ஒன்றை நறுக்கிப் போட்டு வதக்குங்கள். இரும்புச்சட்டி வேண்டாம், புளி பட்டால் கறி கறுத்துப்போகும்.

இப்போது பிழிந்த காயைச் சேருங்கள். புதியவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். அவசரப்பட்டுப் புளியை ஊற்றிவிட்டால் காய் அதற்குமேல் சீக்கிரம் வேகாது, விறைத்தே நிற்கும். மிதமான தீயில் பத்து நிமிடமாவது வதக்குங்கள். காய் சுருங்கி, ஓரம் லேசாகச் சிவந்து, பச்சை வாசனை போயிருக்க வேண்டும். ஒரு துண்டைக் கரண்டியால் அழுத்தினால் நசுங்க வேண்டும். அதன்பிறகு ஒன்றரை டீஸ்பூன் சாம்பார் பொடி, ஒரு பிரட்டு, புளிக்கரைசல். நன்றாகக் கொதித்து எண்ணெய் மேலே மிதக்கும்போது நெல்லிக்காய் அளவு வெல்லம் போட்டுக் கரைந்ததும் இறக்குங்கள். காயில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் சுவைத்துப் பார்த்துவிட்டே மேலும் போட வேண்டும். அரை மணி நேரம் அப்படியே விட்டால் புளியும் வெல்லமும் காய்க்குள் இறங்கும்.

பிடித்தவருக்கான பாதி

இதில் வேலையே இல்லை. புளிக்கறி கொதிக்கும்போதே பக்கத்து அடுப்பில் ஆகிவிடும். மீதிக் கால் கிலோவை மெல்லிய வட்டமாக நறுக்குங்கள்; ஊறவைக்கவும் வேண்டாம், பிழியவும் வேண்டாம். இதற்கு இரும்பு வாணலிதான் அருமை. இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்துக் காயைப் பரப்பி, மூடாமல் வறுங்கள். மூடினால் ஆவி இறங்கிக் குழைந்துவிடும். பதினைந்து நிமிடம் கழித்து உப்பு, முக்கால் டீஸ்பூன் மிளகாய்த்தூள் தூவி, இன்னும் இரண்டு நிமிடம். தூளை முன்னாலேயே போட்டால் கருகிவிடும், அந்தக் கசப்பு அப்பாவுக்கும் பிடிக்காது.

யாழ்ப்பாணப் பக்கம் இதே வட்டங்களைப் பொரித்து, பச்சை வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) சேர்த்துச் சம்பலாகப் பிசைவார்கள். வறுவல் பழகிய பின் அதையும் செய்து பாருங்கள்.

பரிமாறும்போது அப்பாவுக்கு வறுவலும் ரசம் சாதமும். மகனுக்குத் தயிர் சாதத்தின் ஓரத்தில் புளிக்கறி ஒரே ஒரு துண்டு. "ஒண்ணு போதும், பிடிக்கலைன்னா வச்சிடு" என்பேன். முதல் நான்கு தடவை வைத்துவிட்டான். ஐந்தாம் தடவை துண்டை ஒதுக்கிவிட்டு, அந்தப் புளிச்சாற்றை மட்டும் தயிர் சாதத்தில் தொட்டுச் சாப்பிட்டான். போன வாரம் துண்டும் காணவில்லை.

மிச்சப் புளிக்கறி ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். மறுநாள் தோசைக்குத் தொட்டுக்கொள்ள இன்னும் நன்றாக இருக்கும். வறுவலை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், அடுத்த நாள் நமத்துப்போகும்.