ஏர் ரைபிளில் கைவைக்கும் முன்: மாற்றியமைப்பிலும் துல்லியச் சோதனையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. எந்த இரும்பைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் கடைந்து, துளையிட்டு, பாலிஷ் போட்டுத் தருகிற கைத்திறன் அங்கே இருக்கிறது. வடசென்னையில் ஏர் ரைபிள் வாங்குகிறவர்களின் சபலத்துக்கு அதுவே வசதியாகிவிடுகிறது. அமெரிக்கர்கள் செமி ஆட்டோமேட்டிக் ரைபிளின் குழலையும் டிரிகரையும் கழற்றி மாட்டுகிற காணொளிகளை இரவெல்லாம் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படியும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படியும் செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் இங்கே சாதாரணக் குடிமகன் வைத்துக்கொள்ளக்கூடிய பொருளல்ல. உரிமம் இல்லாமல் நம் கைக்கு வருவது 0.177 அங்குல, அதாவது 4.5 மில்லிமீட்டர் குழல் கொண்ட, 20 ஜூலுக்குக் குறைவான ஆற்றலுடைய ஏர் ரைபிள் மட்டுமே. ஸ்பிரிங்கை மாற்றியோ காற்று வழியைப் பெரிதாக்கியோ அந்த 20 ஜூலைத் தாண்டிவிட்டால், உங்கள் கையில் இருப்பது உரிமம் தேவைப்படும் ஆயுதம். வாங்கியபோது கொடுத்த ரசீது அப்போது உதவாது.

அந்தக் கூடுதல் ஆற்றலால் துல்லியம் வருகிறதா என்றால், அதுவும் இல்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ராவுக்குத் தங்கமும், 2012 லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நாரங்குக்கு வெண்கலமும் தேடித்தந்தது இதே 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிள் போட்டிதான். இப்போட்டிகளில் பயன்படும் துப்பாக்கிகளில் அரை கிராமுக்குச் சற்றே அதிக எடையுள்ள ஈயக்குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 175 மீட்டர் வேகத்தில் போகிறது. கணக்குப் போட்டால் எட்டு ஜூல்தான். அதற்கு மேல் திணிக்கிற ஒவ்வொரு ஜூலும், ஸ்பிரிங் விசையால் பிஸ்டனைத் தள்ளிச் சுடும் ஸ்பிரிங் ரைபிளில் உதறலாகத் திரும்பி வந்து குறியைத்தான் கெடுக்கும்.

மாற்றுவதற்கு முன் அளக்காமல் விடுவது எல்லாத் தவறுகளுக்கும் மூத்த தவறு. பெட்டியிலிருந்து வந்த நிலையில் துப்பாக்கி எப்படிச் சுடுகிறது என்று பதிவு செய்யாதவர், மாற்றிய பிறகு எதோடு ஒப்பிடுவார்? டிரிகர், குண்டு, கன்னத்தாங்கி மூன்றையும் ஒரே மாலையில் மாற்றிவிட்டு ‘இப்போது நன்றாகச் சுடுகிறது’ என்று சொல்கிறவருக்கு எது வேலை செய்தது என்றே தெரியாது. மூன்றில் ஒன்று கெடுத்திருக்கவும் கூடும்; மற்ற இரண்டும் அதை மறைத்திருக்கும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கு அட்டை, அட்டையின் பின்புறம் தேதி, குண்டின் வகை, என்ன மாற்றினோம் என்ற குறிப்பு. இது சலிப்பான வேலைதான். ஆனாலும் வேறு குறுக்குவழி கிடையாது.

அந்த அளவீட்டிலும் தவறு நேர்கிறது. மூன்று குண்டுகளைச் சுட்டு, மூன்றும் ஒட்டி விழுந்ததும் அட்டையைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மூன்று குண்டுகளின் குரூப், அதாவது அட்டையில் விழுந்த துளைகளின் கூட்டம், யாரையும் முகத்துதி செய்யும். குண்டுகள் கூடக்கூட குரூப் விரியும் என்பது துப்பாக்கியின் கோளாறல்ல, கணித விதி. ஒரே துப்பாக்கி, ஒரே கை, ஒரே குண்டு என்றாலும் பத்துக் குண்டுகளின் குரூப் சராசரியாக மூன்று குண்டுகளின் குரூப்பைப் போல ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகமாகவே இருக்கும். ஆகவே நண்பரின் மூன்று குண்டு அட்டையையும் உங்கள் பத்துக் குண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துச் சோர்ந்துபோகத் தேவையில்லை. ஐந்து குண்டுகள் வீதம் ஐந்து அட்டைகள் சுட்டு, ஐந்தின் சராசரியை எடுங்கள். ‘அந்த ஒரு குண்டு என் கை ஆடியதால் போனது’ என்று சொல்லி அதை மட்டும் கழிப்பதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். சுடுவதற்கு முன்பே சொல்லாத சாக்கு கணக்கில் சேராது.

அளக்கும் முறை எளிது. ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி விழுந்த இரு துளைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை அளந்து, 4.5 மில்லிமீட்டரைக் கழித்தால் மையத்திலிருந்து மையத்துக்கான தொலைவு கிடைக்கும். பத்து மீட்டர் இலக்கு அட்டையில் 10 என்ற புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான் என்று கேட்டதும் பலர் மிரண்டுபோகிறார்கள். குண்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10 உண்டு. அப்படிப் பார்த்தால் குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் போதும். ஐந்து மில்லிமீட்டர் குரூப் கொடுக்கிற துப்பாக்கியை நடுவில் நிறுத்திவிட்டால் ஏறக்குறைய எல்லாமே 10. தசமக் கணக்கில் 10.0 முதல் 10.9 வரை போகும்போது மட்டும் ஒவ்வொரு தசமத்துக்கும் கால் மில்லிமீட்டர். நம் துப்பாக்கி எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்தபிறகு செலவு செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம். பெரும்பாலும் செலவு வேண்டியிருக்காது, பயிற்சி வேண்டியிருக்கும்.

ஒரு குண்டு இடப்பக்கம் போனதும் குறிபார்க்கும் கருவியான குறிப்பானை இரண்டு கிளிக் திருப்புவது, அடுத்தது வலப்பக்கம் போனதும் திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவருவது என்று சிலர் ஒரு டப்பா குண்டையே தீர்த்துவிடுகிறார்கள். குறிப்பானைத் தொட வேண்டியது குரூப்பின் மையத்தைப் பார்த்து. தனிக் குண்டைப் பார்த்து அல்ல.

சுடுகிற இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சௌகார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பழைய வீடுகளில் வாசல் முதல் கொல்லைவரை நீளும் நடை பத்து மீட்டர் வந்துவிடும். அதைப் பார்த்ததும் வீட்டிலேயே ரேஞ்ச் அமைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த நடைக்குப் பக்கத்து அறைகளின் கதவுகள் திறக்கின்றன. ஒண்டுக்குடித்தனத்தில் எந்தக் கதவிலிருந்து எந்தக் குழந்தை எப்போது ஓடிவரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மொட்டைமாடி அதைவிட மோசம். குறி தவறிய குண்டு இருநூறு, முந்நூறு மீட்டர்கூடப் போகும். ராயபுரத்தில் அந்தத் தொலைவுக்குள் எத்தனை மாடிகளில் துணி காய்கிறது, எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். காக்கை, புறாவைக் குறிபார்ப்பவர்களிடம் பேசுவதற்கு எனக்கு எதுவும் இல்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை மட்டும் நினைவுபடுத்துகிறேன். குண்டு போடாமல் வீட்டில் குறிபார்த்துப் பழகுங்கள். குண்டு போட்டுச் சோதிப்பதை முறையான ரைபிள் கிளப்பில் வைத்துக்கொள்ளுங்கள். குண்டில்லாமல் டிரிகரை இழுக்கும் பழக்கம் அதற்கான வசதியுள்ள போட்டி ரைபிளுக்குத்தான் பொருந்தும். ஸ்பிரிங் ரைபிளை வெறுமனே சுட்டால் பிஸ்டன் காற்றுத் தடை இல்லாமல் மோதி உள்ளே உடையும்.

சோதனையின்போது மணல் மூட்டையைக் குழலுக்கு அடியில் வைக்காதீர்கள். குழலைத் தாங்கும் முன்கட்டைக்கு அடியில் வையுங்கள். ஸ்பிரிங் ரைபிளுக்கு அதுவும் ஆகாது. அதை இறுக்கிப் பிடித்தாலும் கெட்டியான மேசைமேல் ஊன்றினாலும் குண்டு விழும் இடமே மாறிவிடும். திறந்த உள்ளங்கையில் தளர்வாகக் கிடத்தி, அது விரும்பியபடி உதற விட்டால்தான் ஒரே இடத்தில் சுடும். தலைக்குமேல் சுழலும் மின்விசிறியை நிறுத்துங்கள், வேர்த்தாலும் பரவாயில்லை. அட்டையும் நல்ல அட்டையாக இருக்கட்டும். கடற்காற்றில் நமத்துப்போன தாளில் குண்டு வட்டமாக வெட்டாது, கிழிக்கும். கிழிசலை வைத்து அளந்தால் ஒரு மில்லிமீட்டர் பிழை சுலபமாக வரும்.

குண்டைப் பொறுத்தவரை மலிவான டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டு துப்பாக்கியைக் குறைசொல்வது வழக்கமாகிவிட்டது. 4.49, 4.50, 4.51 என்று தலை விட்டம் அச்சிட்ட தட்டைமுனைக் குண்டுகள் கிடைக்கின்றன. எந்த அளவு உங்கள் குழலுக்குப் பிடிக்கும் என்பதைச் சுட்டுத்தான் அறிய வேண்டும். புது வகைக்கு மாறியதும் முதல் இருபது முப்பது குண்டுகளை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். குழலில் அந்த ஈயம் படிந்து நிலைபெற வேண்டும். இதே காரணத்தால் குழலை அடிக்கடி துடைப்பதும் நல்லதல்ல. பித்தளைத் தூரிகையை உள்ளே விடவே கூடாது.

உடலுக்கு ஏற்பத் துப்பாக்கியை அமைப்பதில் வரிசை முக்கியம்: முதலில் தோள்தட்டு, அடுத்துக் கன்னத்தாங்கி, கடைசியில் குறிப்பான். கண்ணுக்கு வசதியாகக் குறிப்பானை முதலில் உயர்த்திவிட்டு, பிறகு கழுத்தைக் கோணலாக்கிக்கொள்கிறவர்கள் நிறைய. குழல் முனையில் இருக்கும் முன்குறிப்பானின் வளையத்தைச் சிறிதாக்கினால் கூர்மை கூடும் என்பதும் தவறான நம்பிக்கை. இலக்கின் கருவட்டத்தைச் சுற்றி வெள்ளை தாராளமாகத் தெரிந்தால்தான் கண் களைக்காது. பிள்ளைகளின் துப்பாக்கியில் பெற்றோர் எடைக்கட்டிகளை அடுக்குவதையும் பார்க்கிறேன். பத்து மீட்டர் போட்டியில் அனுமதிக்கப்படும் உச்ச எடை 5.5 கிலோ. அதைப் பன்னிரண்டு வயதுக் குழந்தை தாங்கியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. டிரிகரை மயிரிழைக்குத் தளர்த்துவதும் வேண்டாம். துப்பாக்கியை லேசாகத் தட்டினாலே சுட்டுவிடும் நிலைக்குக் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள்.

சிலிண்டரில் அடைத்த காற்றால் சுடும் அழுத்தக்காற்று ரைபிள் வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டர் சும்மா நிற்கிறது என்று அதிலிருந்து காற்று நிரப்பிவிடாதீர்கள். உயரழுத்த ஆக்சிஜனோடு துளி கிரீஸ் சேர்ந்தாலே வெடிக்கும். சுத்தமான, உலர்ந்த காற்றைத்தான் நிரப்ப வேண்டும், அதுவும் மெதுவாக. துப்பாக்கியின் சிலிண்டரில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் துரு பெரிய எதிரி. சுட்டு முடித்ததும் வியர்வை பட்ட இடங்களை மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுங்கள். அந்த எண்ணெய் ஸ்பிரிங் ரைபிளின் காற்றறைக்குள் போய்விடக் கூடாது; போனால் அழுத்தத்தில் பற்றி வெடிக்கும், புகையோடு குறியும் சிதறும். நுரைப்பஞ்சு வைத்த பெட்டி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் பயணத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். வீட்டில் பூட்டுள்ள அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, குண்டு டப்பாவை வேறு இடத்தில் வைத்து, துப்பாக்கியை நிமிர்த்தி வையுங்கள். குண்டைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பிட உட்காருங்கள், அது ஈயம்.