மூடுபனிப் புகைப்படத்துக்குக் கருத்துச் சொல்லும்போது

கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக் என்னும் மலையோர நடைபாதையில் எடுத்த மூடுபனிப் படம் புகைப்படப் போட்டிக்கு வந்தால், பனி பெரும்பாலும் அழுக்குச் சாம்பலாக இருக்கும். "டல்லா இருக்கு" என்று மட்டும் எழுதாதீர்கள்; எடுத்தவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. வெள்ளை நிறைந்த காட்சியைக் கேமரா நடுச்சாம்பலாக்கவே பார்க்கும். அதனால், "எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா தானாக வைக்கும் வெளிச்ச அளவைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் வசதி) +1 வரை ஏற்றிப் பாருங்கள், பனி வெளுக்கும்" என்று எழுதுங்கள். போனிலும் திரையைத் தொட்டு வெளிச்சத்தை ஏற்றலாம்.

அதற்கு முன்னால், கண்ணை இழுத்தது எது என்று இடம் சுட்டிச் சொல்லுங்கள்: இடது ஓரம் கம்பியைப் பிடித்து நிற்கும் பாட்டியின் சிவப்புச் சால்வை, இப்படி. குறை ஒன்றே ஒன்று போதும். ஒருமுறை ஒரு கல்லூரிப் பெண்ணின் படத்தில் ஏழு குறை அடுக்கினேன். அதன்பின் அவள் படமே அனுப்பவில்லை. இன்றும் மனசு உறுத்துகிறது.