ஆறுதல் தேடிக் கவிதையிடம் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பாவின் உடலைப் பெங்களூர்க் கல்பள்ளி மின்மயானத்தில் ஒப்படைத்துவிட்டு அல்சூர் வீட்டுக்குத் திரும்பிய அன்றிரவு, என் கைப்பேசியில் ஒரே குறள் ஆறு பேரிடமிருந்து வந்திருந்தது. ‘உறங்குவது போலுஞ் சாக்காடு உறங்கி விழிப்பது போலும் பிறப்பு’ என்னும் 339ஆம் குறள் அது. அனுப்பியவர்கள் அனைவரும் எங்கள்மீது அன்புடையவர்கள். ஆயினும் அதைப் படித்தபோது, அழுவதற்கு எனக்கிருந்த உரிமையை யாரோ பறித்துக்கொண்டதைப் போல இருந்தது. துறவறவியலில், நிலையாமை அதிகாரத்தில் உள்ள அக்குறள் பற்றுகளைத் தானே விடத் துணிந்தவனை நோக்கியது. தகப்பனை இழந்து சில மணி நேரமே ஆனவனை நோக்கியதன்று. இழவு வீட்டாருக்கு அறிவுரைப் பாட்டை அனுப்புவதை நான் முதல் தவறாகக் கருதுவது இதனால்தான்.

‘இடுக்கண் வருங்கால் நகுக’ என்பதற்கும் இது பொருந்தும். ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும்போது வலிமை தரும் அச்சொல், துன்பம் தீண்டாத இன்னொருவர் வாயிலிருந்து வரும்போது கடுமையாகிவிடுகிறது. இடுக்கணழியாமை அதிகாரத்தில் அந்த முதற்குறளோடு நின்றுவிடாமல் 624ஆம் குறள்வரை சென்றால், வழியில் தடைப்படும் இடங்களிலெல்லாம் பாரவண்டியை மூச்சுப்பிடித்து இழுத்துச் செல்லும் எருதைக் காண்கிறோம். அந்த எருதைக் கண்ட பிறகு, வள்ளுவர் சொன்ன சிரிப்பு எளிதில் வரும் சிரிப்பன்று என்பது புரிகிறது.

நம்மிடையே மிகப் பரவலாக இருப்பதும், அதிகம் இழக்கச் செய்வதும், ஒரு வரியை மட்டும் கிள்ளியெடுத்துக்கொண்டு பாட்டை விட்டுவிடும் வழக்கம்தான். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்பதை அறியாத தமிழர் இல்லை. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்து பெங்களூரில் வேரூன்றிய நமக்கு அது கூடுதல் நெருக்கம் உடையதும்கூட. ஆனால் கணியன் பூங்குன்றனாரின் அந்தப் புறநானூற்று 192ஆம் பாட்டு அங்கே முடிவதில்லை. சாதல் புதியதன்று என்கிறது. வாழ்தலை இனிதென்று மகிழ்ந்ததும் இல்லை, வெறுத்து இன்னாதென்றதும் இல்லை என்கிறது. பிறகு, மின்னலோடு பெய்த மழையால் பெருகி, கல்லில் மோதி ஒலித்துக்கொண்டு ஓடும் பேராற்றில் நீரின் வழியே செல்லும் புணையை, அதாவது தெப்பத்தைக் காட்டி, உயிரும் அவ்வாறே முறைவழிப் போகிறது என்கிறது. துயரத்தில் இருப்பவருக்கு உரியது அந்தப் புணைதான். முதல் வரியோடு நிற்பவர் அதைக் காணாமலே போய்விடுகிறார்.

பக்குடுக்கை நன்கணியாரின் 194ஆம் பாட்டிலிருந்து ‘இனிய காண்க’ என்பதை மட்டும் எடுத்து ஊக்கமொழியாக்குவதும் இத்தகையதே. ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது, இன்னொரு வீட்டில் மணமுழவு ஒலிக்கிறது. இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று அப்பாட்டு வெளிப்படையாகவே வைகிறது. ‘இன்னாது அம்ம இவ்வுலகம்’ என்று ஒப்புக்கொண்ட பிறகுதான், உலகின் இயல்பு உணர்ந்தோர் இனியவற்றைக் காண்க என்கிறது. அந்த ஒப்புதலை நீக்கிவிட்டால், எஞ்சும் சொற்களை நொந்தவர் நம்புவதற்குக் காரணம் ஏதும் இருக்காது.

துயரத்தில் இருப்பவரிடமிருந்து சோகப் பாடல்களை மறைத்து வைக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். அப்பா போய் ஒரு மாதம் கழிந்த நிலவு நாளில், மொட்டை மாடியில் அமர்ந்து, பாரி மகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாட்டைத் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். மூவேந்தரும் பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்டுப் பாரி இறந்தபின் பாடப்பட்ட ஐந்தே அடிகள் அவை. ‘அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்’ தந்தை இருந்தார், குன்றும் இருந்தது; ‘இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்’ குன்றும் இல்லை, ‘யாம் எந்தையும் இலமே’. அதில் ஆறுதல் என்று ஒரு சொல்கூட இல்லை. எங்கள் தலைக்கு மேலும் அதே நிலவு இருந்தது; அதுவரை யார் முன்னும் அழாத தங்கை அன்று அழுதாள், பிறகு அந்தப் பாட்டை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள்.

வாய்விட்டு வாசித்ததால்தான் அது நடந்தது என்று நம்புகிறேன். இப்புறநானூற்றுப் பாட்டுகள் அகவல் ஓசையில் அமைந்தவை, செவிக்காகச் செய்யப்பட்டவை. கண்ணால் மேய்ந்துவிட்டு உரைக்குத் தாவுவோர் பொருளைப் பெறுகிறார்களே தவிர, மூச்சைச் சீராக்கும் அந்த நடையைப் பெறுவதில்லை. சந்தி பிரித்து அச்சிட்ட பதிப்பை எடுத்துக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை. இங்கே பிறந்து, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் மட்டும் படித்த பிள்ளைகள், தமிழ் எழுத்து தெரியாததால் கவிதை தங்களுக்கு இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். வீட்டில் ஒருவர் வாசிக்க அவர்கள் கேட்டாலே போதும். அவர்கள் அறிந்த கன்னடத்திலும் இதற்கென்றே ஒரு நூல் இருக்கிறது. 1943இல் வெளிவந்த டி.வி. குண்டப்பாவின் ‘மங்குதிம்மன கக்கா’வின் நாலடிப் பாடல்களை மனச்சோர்வு வரும்போது திறந்து படிக்கும் வழக்கம் இந்நகரத்துக் கன்னடக் குடும்பங்களில் இன்றும் உண்டு, ஆறுதல் நம் மொழியில்தான் கிடைக்க வேண்டும் என்று அதைத் தள்ளிவைப்பது வீண் இழப்பு.

இறுதியாக ஒன்றை மிகுந்த கவலையோடு சொல்கிறேன். கவிதையைச் சிகிச்சைக்கு மாற்றாக எண்ணாதீர்கள். வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் இல்லாமற்போனால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறையேனும் தலைகாட்டினால், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உடனே உதவி கேளுங்கள். ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.