வங்கிச் சட்டம்: யாழ்ப்பாண மாணவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வங்கி வாடிக்கையாளரின் உரிமைகளைத் தமிழில் தேடினால் வந்து விழுவது பெரும்பாலும் இந்தியச் சட்டம். ரிசர்வ் வங்கி, 5 இலட்சம் வைப்புக் காப்புறுதி என்று குறிப்பெடுத்து, அதையே இங்கத்தைய விடைத்தாளிலும் எழுதிவிடுகிறார்கள். இலங்கையில் நமக்கு அடிப்படை 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டம். வாடிக்கையாளர் பக்கத்துக்கு 2023 இன் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள். மத்திய வங்கிக்கும் அதே ஆண்டு புதுச் சட்டம் வந்துவிட்டது. 1949 இன் நாணய விதிச் சட்டத்திலேயே நிற்கும் பழைய ரியூசன் குறிப்புகளை ஒதுக்கி வையுங்கள்.

இங்கே காப்புறுதி வரம்பு 11 இலட்சம் ரூபா. அது கணக்குக்கு அல்ல, ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு. ஒரே வங்கியின் யாழ் நகரக் கிளையில் 8 இலட்சமும் சுன்னாகத்தில் 7 இலட்சமும் போட்டவருக்கு 4 இலட்சம் வெளியே நிற்கும். கூட்டுறவுக் கிராமிய வங்கியின் பெயரில் 'வங்கி' இருக்கிறதே தவிர, மத்திய வங்கியின் உரிமம் இல்லை. அது இத்திட்டத்துக்குள் வராது.

அதிகம் புள்ளி போவது 1990 இன் இரண்டு சட்டங்களில். 2 ஆம் இலக்கம் கடன் அறவிடல் சட்டம்: வங்கி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 4 ஆம் இலக்கம்தான் 'பராட்டே': பணிப்பாளர் சபை தீர்மானம் எடுத்து, வழக்கில்லாமலே ஈட்டுக் காணியை ஏலம் விடலாம். இதன் எல்லைகளைப் பலர் எழுதுவதில்லை. 2011 திருத்தத்தின்படி கடனின் முதல்தொகை 50 இலட்சத்துக்குக் குறைந்தால் இந்த வழி இல்லை. வட்டியையும் தண்டத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கக்கூடாது. மகனின் கடனுக்குத் தகப்பன் காணியை ஈடு வைத்தாரா? கடனாளி அல்லாதவரின் சொத்தைப் பராட்டேயில் விற்க முடியாதென்று உச்ச நீதிமன்றம் 2006 இல் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. 2024 இல் இந்த அதிகாரமே தற்காலிகமாக நிறுத்தப்பட்டது, ஆகவே திருத்தங்களோடுதான் வாசிக்க வேண்டும்.

முறைப்பாட்டில் வரிசை முக்கியம்: முதலில் வங்கிக்கு எழுத்தில், பிறகுதான் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம் (தொலைபேசி 1935).

கொழும்புப் பாடநூலை மட்டும் நம்பினால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை தப்பிவிடும். அதற்குட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியை ஈடு வைக்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவு அது. கணவன் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். ஈட்டுறுதி பற்றிய வினாவில் பராட்டேக்குப் போகமுன் இந்தக் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.