சிறிய அடுக்கக வீட்டின் உள்வடிவமைப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தொழிலுக்குப் புதிதாக வருபவர்களின் வரைபடங்களைப் பார்க்கும்போது, என் பழைய வரைபடங்களையே யாரோ மறுபடி வரைந்து தந்ததுபோல் இருக்கிறது. அடர்ந்த வண்ணம், அறையை அடைக்கும் சோபா ஆகியவற்றைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூடிய நிலையில் அளப்பது

வரைபடத்தில் அலமாரி ஒரு செவ்வகம், கட்டில் இன்னொரு செவ்வகம். இரண்டும் அறைக்குள் அடங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவதுதான் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

270 செ.மீ. அகலமுள்ள படுக்கையறை ஒன்றில், ஒரு சுவரில் 60 செ.மீ. ஆழமுள்ள அலமாரியும், எதிர்ச்சுவரை ஒட்டி 150 செ.மீ. அகலக் கட்டிலும் வரையப்பட்டிருந்தன. இடையில் எஞ்சிய 60 செ.மீ. ஒருவர் நடக்கப் போதும். ஆனால் அலமாரியின் 50 செ.மீ. கதவைத் திறந்ததும் வழி அடைபட்டது. கீழ் இழுப்பறையை இழுக்கக் கட்டிலின்மேல் மண்டியிட வேண்டியிருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்த இழுப்பறையோ அலமாரியின் கதவு மூடியிருந்தால் மட்டுமே வெளியே வந்தது. பலகை அறுத்து, லேமினேட் ஒட்டி, கீல் பொருத்திய பிறகே இவ்வளவும் தெரியவந்தது. அளவு சரியாகத்தானே இருக்கிறது என்று வரைந்தவர் வாதிட்டார். வீட்டுக்காரர் கதவுகளைக் கழற்றிவிட்டுத் திரைச்சீலை தொங்கவிட்டார்.

எனவே ஒவ்வொரு தளவாடத்தையும் திறந்த நிலையிலும், அதன் முன்னே ஆள் நிற்கும் நிலையிலும் வரைய வேண்டும். முழுதும் இழுத்த இழுப்பறைக்கும் அதன் முன் குனியும் ஆளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 90 செ.மீ. தேவை. உணவு மேசையின் விளிம்புக்கும் சுவருக்கும் இடையில், உட்கார்ந்து எழ மட்டும் 75 செ.மீ. வேண்டும், பின்னால் ஒருவர் கடந்து செல்வதானால் இன்னும் கூடுதலாக வேண்டும். தச்சரிடம் வேலையை ஒப்படைக்குமுன் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அந்தக் கோடுகளுக்குள் நின்றும் குனிந்தும் பார்த்துவிடுங்கள்.

ஸ்லைடிங் கதவு வைத்தால் தீர்ந்தது என்பார்கள். முன்வழி மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் அதன் தண்டவாளம் அலமாரியின் ஆழத்தில் சில சென்டிமீட்டரை எடுத்துக்கொள்ளும், இரட்டைக் கதவில் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும், உள்ளே இருக்கும் இழுப்பறை இரு கதவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் அமைந்துவிட்டால் வெளியே வரவே வராது.

சுவரை ஓரிடத்தில் மட்டும் அளப்பது

பூச்சு எங்கும் ஒரே கனத்தில் இருப்பதில்லை. தரையருகே, இடுப்புயரத்தில், மேற்கூரையருகே என மூன்று இடங்களில் அளந்து, மிகக் குறைந்த அளவையே கணக்கில் கொள்ளுங்கள். சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டையின் கனத்தையும் கழிக்க வேண்டும்.

ஸ்விட்ச் போர்டை மறைப்பது

ஸ்விட்ச் போர்டு அலமாரிக்குப் பின்னால் போய்விடாமலிருக்க, மின்வேலைக்குமுன் தளவாட வரைபடம் முடிந்திருக்க வேண்டும்.

லிஃப்டை அளக்காதது

தளவாடம் வீட்டுக்குள் வந்து சேர வேண்டுமே, படிக்கட்டின் திருப்பத்தையும் சேர்த்து அளந்துவிடுங்கள்.

மடக்கும் மேசையை நம்புவது

மேலே எதுவும் வைக்காத மேசைதான் மடங்கும். அன்றாடம் அதன்மேல் சேரும் சாவி, மடிக்கணினி, காகிதம் ஆகியவற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு தட்டு அமைக்காவிட்டால், அது சில வாரங்களில் நிலையான மேசையாகிவிடும். அப்படியானால் கூடுதல் செலவில் மடக்கும் கீல் வாங்குவதைவிடச் சிறிய, உறுதியான மேசை ஒன்றையே நான் பரிந்துரைப்பேன்.