மலைநாட்டு ஈரத்துல ஷேவிங் சோப்ப எப்படி வச்சிக்கிறது

நுவரெலியா, ஹட்டன் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஷேவிங் சோப்ல வர்ற மொத பிரச்சினையே ஈரம்தான். மே மாசத்துல இருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேற்கு மழை, துவச்ச துணியே காயாது, இதுல சவுக்காரம் எங்க காயப்போகுது.

இந்த சோப்ல கிளிசரின் இருக்கும், அது காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கும், அதனாலதான் சும்மா வச்சிருந்தாலும் மேல முத்து முத்தா தண்ணி நிக்கும், கெட்டுப்போச்சுன்னு தூக்கி எறிஞ்சிராதீங்க, துடைச்சா போதும்.

ஷேவ் முடிஞ்சதும் கிண்ணத்துல மிச்சமிருக்கிற நுரைய லேசா அலசி, தண்ணிய நல்லா வடிச்சிட்டு, மூடாம காத்துப்படுற தட்டுல வைங்க. பாத்ரூமுக்குள்ள வேணாம். ஈரத்தோட மூடி போட்டா கொழகொழன்னு ஆயிரும், மூடியில பூஞ்சணமும் வரலாம். நல்லா காஞ்சப்புறம் மூடுங்க, அப்பதான் வாசனையும் நிக்கும். சீக்கிரம் காயணும்னு விறகடுப்பு மேல வைக்கிறவங்களும் இருக்காங்க, சூட்டுல சோப் இளகிரும், புகை வாசம் வேற ஏறிக்கும், அப்புறம் கன்னத்துல கருவாடு சுட்ட மணம்தான்!

மரக்கிண்ணம் பார்க்க அழகு, ஆனா ஈரத்துல ஊதி வெடிக்கும், எவர்சில்வர் இல்லாட்டி பீங்கான் வாங்குங்க.

ரெண்டு சோப் இருந்தா மாத்தி மாத்தி பாவிக்கலாம், ஒன்னு காயிறதுக்கு நேரம் கிடைக்கும். புதுசா வாங்கி வச்சிருக்கிறத உறையோட டின்ல போட்டு வெயில் படாத அலுமாரியில வைங்க. ஆரஞ்சு கலர்ல புள்ளி வந்து பழைய எண்ணெய் நாத்தம் அடிச்சா, கொழுப்பு காறிப்போச்சுன்னு அர்த்தம், அத மட்டும் வீசிருங்க.

பிரஷ்ஷயும் நல்லா உதறி, மயிர் கீழ பார்க்கிற மாதிரி தொங்கவிடுங்க.